திமில் மேல் இருந்த கை

படம் பிடிக்கும்போது யாரும் அசையக்கூடாது. அப்பாசாமிக்குத் துரை சொல்லிக்கொடுத்த சட்டம் இது ஒன்றுதான்.

கொல்லிமலையில் காப்பித் தோட்டம் போட்டிருந்த அந்தத் துரையின் காமிராப் பெட்டியையும் அதை நிறுத்துகிற மூன்றுகால் கட்டையையும் பதினோரு வருடம் தோளில் சுமந்தவன் அப்பாசாமி. துரை காப்பிச் செடியைப் படம் எடுப்பார். பங்களாவை எடுப்பார். லாயத்து வாசலில் தன் மட்டக்குதிரையை நிறுத்தி வைத்து எடுப்பார். அது வாலை ஆட்டிவிட்டால் அப்பாசாமிக்குத்தான் திட்டு விழும். 1931இல் செடிகளில் நோய் விழுந்து, துரை தோட்டத்தைக் கைவிட்டுச் சீமைக்குப் புறப்பட்டபோது பெட்டியை அவனிடமே கொடுத்துவிட்டுப் போனார். கூடவே மூன்று டஜன் கண்ணாடித் தகடுகள், மருந்துக் குப்பிகள், சிவப்புக் கண்ணாடி போட்ட விளக்கு ஒன்று. எதை எப்படிச் செய்வது என்று அப்பாசாமியின் கைகளுக்குத் தெரியும். ஏன் அப்படிச் செய்கிறோம் என்று கேட்டால் தெரியாது. துரை சொன்னதில்லை, இவனும் கேட்டதில்லை.

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த பெரக்கரை நாட்டில் அவனுக்கு ஒரு சாமைக்காடும், பலாமரங்களில் ஏற்றிவிட்ட இருபது முப்பது மிளகுக்கொடிகளும் இருந்தன. மிளகு மூட்டை போடும் அறையின் சந்துபொந்துகளைச் சாக்கால் அடைத்து அதையே இருட்டறை ஆக்கிக்கொண்டான். கழுவிய தகட்டின் மேல் தாளை வைத்து, மிளகு காயும் களத்தில் வெயிலில் வைத்தால் படம் தாளில் ஏறிவிடும். முதலில் ஊர்க்காரர்களை ஒவ்வொருவராக நிறுத்தி எடுத்தான். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றதால் எல்லார் முகமும் எதையோ பார்த்துப் பயந்த மாதிரி விழுந்தது. ஆனாலும் அவரவர் முகம் அவரவருக்கு இருந்தது. அதில் ஒரு குழப்பமும் வரவில்லை.

1933 தை மாதம், மாட்டுப் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால், பட்டக்காரர் அருணாசலம் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். நாட்டு வழக்குகளைத் தீர்த்து வைக்கிற பெரிய மனிதர் அவர்.

"எருதாட்டத்துல நம்ம மயிலை எருது ஓடுறதை ஒரு படம் புடிச்சுக் குடு சாமி. மச்சு ஊட்டுல மாட்டோணும்."

"சரிங்க" என்றான் அப்பாசாமி. ஓடுகிற எருதிடம் அசையாதே என்று எப்படிச் சொல்வது என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் அவனுக்குத் தோன்றியது.

எருதாட்டத்தில் எருதின் கழுத்தில் நீளமான வடம் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். முன்னால் ஒருவன் வைக்கோல் பொம்மையை ஆட்டி எருதுக்கு வெறி ஏற்றுவான். ஓடுகிற எருதின் திமிலைப் பற்றிக்கொண்டு ஊர்ப் பொதுவிடமான மந்தையை ஒரு முழுச் சுற்று விடாமல் சுற்றி வந்தவனுக்குப் பட்டக்காரர் தன் கையால் தலையில் உருமால் கட்டிவிடுவார். அடுத்த தை வரை ஊரில் அவனுக்குத்தான் முதல் மரியாதை. மாட்டுப் பொங்கலன்று பிற்பகல் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்து மந்தையை மூடிக்கொண்டது. மயிலையோ பால் நிறம். வெள்ளைக்குள் வெள்ளை ஓடியது. வெளிச்சம் குறைந்தால் பெட்டியின் கண்ணைக் கூடுதல் நேரம் திறந்து வைக்க வேண்டும் என்பது துரையின் வழக்கம். அப்பாசாமியும் அப்படியே திறந்து வைத்தான்.

படம் வந்தது. மதில் மேல் உட்கார்ந்திருந்த கிழவர்கள் இருந்தார்கள். காலை ஊன்றி வடத்தைப் பிடித்திருந்த ஆட்கள் இருந்தார்கள். வடம் இரண்டு பக்கத்திலிருந்தும் விறைப்பாக வந்து நடுவில் வெறும் புகையைக் கட்டியிருந்தது. எருது இல்லை.

பட்டக்காரர் படத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "எருது எங்க சாமி?"

"இருந்துதுங்க. நான் பார்த்தேனுங்க."

"நானுந்தான் பார்த்தேன். மந்தையே பார்த்துச்சு. உம் பெட்டிக்கு மட்டும் கண்ணு தெரியலையா?"

அப்பாசாமி படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தான். தகடு கெட்டுப்போயிருக்குமோ, மருந்து கூடிப்போயிருக்குமோ, தன் கை நடுங்கியிருக்குமோ என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். கை நடுங்கியிருந்தால் கிழவர்களும் அல்லவா கலைந்திருக்க வேண்டும்? தை முடிவதற்குள் மலை இறங்கினான். காரவள்ளி வரை நடை, சேந்தமங்கலம் வரை வண்டி, அங்கிருந்து பஸ். ராசிபுரத்தில் வெங்கிடுசாமி என்பவர் படக்கடை வைத்திருந்தார். துரைக்குத் தகடும் தாளும் அங்கிருந்துதான் வரும்.

வெங்கிடுசாமி படத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு, "பெட்டி கண்ணத் தொறந்து மூடுறதுக்குள்ள எருது பத்து முழம் போயிருக்குது. ஒரு எடத்துல நின்னாத்தானே விழும்?" என்றார்.

"அப்ப என்னங்க பண்றது?"

"வெளிச்சம் இருந்தா வேகமா மூடலாம். உங்க மலையில தை மாசத்துல வெளிச்சத்துக்கு எங்க போறது? ஒண்ணு பண்ணு. பெட்டிக்கு அடியில இருக்கற திருகை இளக்கி வுட்டுரு. எருது போற வேகத்துக்குப் பெட்டியையும் திருப்பு. திருப்பிக்கிட்டே இருக்கறப்ப அமுக்கு. அமுக்குனதுக்கு அப்பறமும் நிறுத்திப்போடாத."

"பெட்டியே அசையலாங்களா?"

"அசையோணும்."

அப்பாசாமி படி இறங்கி வந்தான். பதினோரு வருடமாகப் படித்த ஒரே சட்டம் தலைகீழானது அவனுக்குப் பிடிபடவே இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி இடமிருந்து வலமாகத் திருப்பிப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

அந்த வருடம் முழுக்க வீட்டுச் சேவலை வைத்துப் பழகினான். அவன் மனைவி அத்தாயி களத்தின் இந்த மூலையில் நின்று அந்த மூலைக்குச் சாமையை வீசுவாள். சேவல் ஓடும். அப்பாசாமி தகடு இல்லாத வெறும் பெட்டியை அதன் பின்னாலேயே திருப்புவான். சில நாள் சேவலுக்கு முன்னால் போய்விடுவான், சில நாள் பின்தங்குவான்.

"ஏனுங்க, பெட்டியில தகடே இல்லீங்களே, அப்பறம் எதுக்குத் திருப்புறீங்க?"

"கை பழகோணும்."

"சேவலுக்கு நல்லாப் பழகிருச்சு. நீங்க பெட்டியத் தூக்குனாவே ஓடி வருது" என்றாள் அத்தாயி.

1934 தை. அந்த வருடம் முதலில் ஓடியது செம்மண் நிறச் செவலை எருது. மூடுபனி போன வருடத்தைவிட மோசம். வடத்தின் ஒரு முனையில் நின்றவனுக்கு மறுமுனை தெரியவில்லை. அப்பாசாமி திருகை இளக்கிவிட்டு, ஓரத்துப் பலாமரத்தடியில் கட்டையை ஊன்றி நின்றான். திமிலை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தான். கொம்பைப் பார்த்தால் அது ஆடும், காலைப் பார்த்தால் எண்ண முடியாது. திமில் ஒன்றுதான் கொஞ்சம் நிதானமாகப் போகும் என்பது சேவலின் தலையை விட்டு முதுகைப் பார்த்துப் பழகியபோது அவனாக யோசித்துக் கண்டுபிடித்தது.

செவலை பனிக்குள்ளிருந்து வந்தது. பெட்டியைத் திருப்பினான். திமில் வந்தது, திமில் வந்துகொண்டே இருந்தது, அமுக்கினான். அமுக்கிய பிறகும் திருப்பிக்கொண்டே போய்ப் பலாமரத்தில் முழங்கையை இடித்துக்கொண்டான்.

சுற்று முடிந்து எருதை அடக்கி நிறுத்தியபோது அதன் பக்கத்தில் இரண்டு பேர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். ஒருவன் குப்புசாமி, முப்பத்தைந்து வயது, முன்பே மூன்று தடவை உருமால் கட்டியவன். இன்னொருவன் சின்னராசு, அவனைவிடப் பத்து வயது இளையவன், ஒரு தடவையும் கட்டாதவன். இரண்டு பேரும் முழுச் சுற்றும் நான்தான் பிடித்திருந்தேன் என்றார்கள். சண்டையாகச் சொல்லவில்லை. ஒருவர் சொன்னதைக் கேட்டு மற்றவர் நிஜமாகவே திகைத்துப்போனார். வடம் பிடித்தவர்களைக் கேட்டால், ஒரு ஆள் தொங்கியது தெரிந்தது, யாரென்று தெரியவில்லை என்றார்கள்.

பட்டக்காரர் உருமாலைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அப்பாசாமியின் பக்கம் திரும்பினார். "படம் வரட்டும். அதுல யாரு இருக்கறாங்களோ அவங்களுக்குக் கட்டிப்போடலாம்."

தகட்டை அன்றைக்கே கழுவிவிட்டான். ஆனால் தாள் தீர்ந்துபோயிருந்தது. கீழே சொல்லி அனுப்பி, ஒரு மாதம் கழித்துத்தான் தாள் வந்தது. அதற்குள் சின்னராசு குளிர்காய்ச்சலில் விழுந்தான். மலையில் அந்தக் காய்ச்சல் யாரையும் விசாரித்துக்கொண்டு வருவதில்லை. பதினெட்டாம் நாள் இறந்துபோனான். அவன் மனைவி பெருமாயிக்கு இருபது வயது இருக்கும்.

காரியம் முடிந்த வாரம் வெயில் வந்தது. அப்பாசாமி களத்தில் தகட்டையும் தாளையும் வைத்தான். படம் ஏறியது.

செவலை இருந்தது. கொம்பு, கண், கழுத்துச் சதையின் மடிப்பு, மூக்கிலிருந்து பறந்த எச்சில் வரைக்கும் இருந்தது. எருதைத் தவிர வேறு எதுவும் இல்லை. மதில், கிழவர்கள், வடம் பிடித்தவர்கள் எல்லாரும் படுக்கைவாட்டில் இழுத்துவிட்ட கோடுகளாகப் போயிருந்தார்கள். திமில் மேல் மட்டும் ஒரு கை. ஐந்து விரல், மணிக்கட்டு, முழங்கை வரைக்கும் தெளிவாக இருந்தது. அதற்கு மேல் புகை.

அதுவும் போதாதென்று செவலை கறுப்பாக விழுந்திருந்தது. சிவப்பு அந்தத் தகடுகளின் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் சிவப்பு விளக்கில் அவற்றைக் கழுவ முடிகிறது. இதை வெங்கிடுசாமி பின்னொரு நாள் விளக்கினார். அன்றைக்கு அப்பாசாமிக்குத் தெரியாது. ஊருக்கும் தெரியாது.

"இது செவலையே இல்லீங்க, கரியெருது" என்றார் ஒருவர்.

"போன வருசம் எருதத் தின்னுச்சு. இந்த வருசம் நம்மளைத் தின்னுப்போட்டுது" என்றார் இன்னொருவர். சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் சின்னராசு அந்தப் புகைக்குள் எங்கோ இருந்தான், இப்போது உயிரோடு இல்லை. சிரிப்பு நின்றுபோயிற்று. அடுத்த நாளிலிருந்து ஆட்கள் அப்பாசாமி வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். இந்தக் கோடு நானா, இது என் தலைதானா, எனக்கும் ஏதாவது ஆகுமா என்று கேட்டார்கள். அப்பாசாமிக்கே அந்தச் சந்தேகம் வந்தது. துரைக்கு எழுதிக் கேட்கலாம் என்றால் எந்த ஊருக்கு எழுதுவது?

அத்தாயிதான் வாசலில் நின்று சொன்னாள். "மயிலை போன வருசம் பொகையாப் போச்சு. நேத்து வந்து எங்க அவரைக்கொடியைத் தின்னுட்டுப் போச்சு. அதுக்கு ஒண்ணும் ஆவலை, உங்களுக்கு என்ன ஆவுது? ஊட்டுக்குப் போங்க."

அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. பெருமாயி வந்தாள்.

படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அழவில்லை. "இது அவங்க கைதானுங்க" என்றாள்.

அன்று மாலையே குப்புசாமியும் வந்தான். படத்தைப் பார்த்தான். தயக்கத்தோடுதான் சொன்னான்: "எங் கை இது. பாரு, இடது கை. எனக்கு எல்லாமே இடது கைதானே? சின்னராசு சோத்துக்கைக்காரன்."

நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் அப்பாசாமி அதைப் பெருமாயியிடம் சொன்னபோது அவள் ஒரே வார்த்தையில் கேட்டாள்: "சோத்துக்கையில கொம்பைப் புடிச்சிருந்தா திமிலை எந்தக் கையில புடிப்பாங்க?" அதுவும் நியாயமாகப் பட்டது.

நாட்டுக் கூட்டம் கூடியது. பட்டக்காரர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை எடுத்தவன் நீ. நீதான் சொல்லோணும். யாரு கை?" என்று கேட்டார்.

"தெரியலீங்க."

"அத்தனை கிட்டத்துல நின்னயே?"

"நான் திமிலைத்தானுங்க பார்த்தேன். கையைப் பார்க்கலீங்க."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. கண்ணால் பார்க்காததைப் படம் எப்படிப் பார்த்தது, படம் பார்த்ததை எடுத்தவன் எப்படிப் பார்க்கவில்லை என்று ஆளுக்கொரு விதமாகப் பேசினார்கள். பட்டக்காரர் உருமாலை மடித்துத் தன் துணிப்பெட்டிக்குள் வைத்துவிட்டார். அந்த வருடம் யாருக்கும் கட்டவில்லை.

அப்பாசாமியால் அதை விட முடியவில்லை. துரை விட்டுப்போன உருப்பெருக்குக் கண்ணாடியை வைத்துத் தினமும் அந்தக் கையைப் பார்த்தான். காலையில் பார்த்தால் சின்னராசுவின் கை மாதிரி இருக்கும். விரல்கள் மெலிந்து, நகம் நீண்டு. கொஞ்சம் நிழல் விழுந்ததும் பார்த்தால் புறங்கை நரம்பு குப்புசாமியுடையது மாதிரி இருக்கும். மூன்றாம் தடவை பார்த்தால் தன் கை மாதிரியே இருக்கும். சாமைக்காட்டில் களை வெட்டப் போனவன் பாதி வரிசையில் நின்று தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததை அத்தாயி கண்டாள்.

"ரெண்டு படமாப் போட்டு ஆளுக்கொண்ணு குடுத்துப்போடுங்க" என்றாள்.

"ஒரு கைதானே இருக்குது?"

"தாள் ரெண்டு இருக்குதல்ல?"

அவனுக்கு அது தப்பு என்று தோன்றியது. ஏன் தப்பு என்று சொல்லத் தெரியவில்லை.

சித்திரையில் ஒரு நாள் குப்புசாமி வந்து களத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் மிளகைக் கையால் அளைந்துகொண்டிருந்தான். "அப்பாசாமி, எனக்கே இப்ப நெசம் தெரியலை. அன்னைக்கு அந்தத் திமிலு சூடா இருந்தது எனக்கு நெனவு இருக்குது. ஆனா எத்தனை வருசத்து எருது, எத்தனை திமிலு. இது எந்த வருசத்துச் சூடுன்னு தெரியலை. ராத்திரி படுத்தா அதேதான், தூக்கமே வர்றதில்லை."

"அதுக்கு நான் என்ன பண்றதுங்கண்ணா?"

"எங் கையை இன்னொருக்கா எடு. அதே எருது மேல வெச்சு எடு. ரெண்டையும் வெச்சுப் பார்த்துரலாம். பெருமாயியும் கூட இருக்கட்டும்."

நல்ல வெயில் நாளாகப் பார்த்துச் செவலையை மந்தைக்கு ஓட்டி வந்து முளையில் கட்டினார்கள். குப்புசாமி திமிலைப் பற்றிக்கொண்டு நின்றான். பெருமாயி பலாமர நிழலில் நின்றாள். அப்பாசாமி திருகை இறுக்கினான். "அசையாதீங்கண்ணா" என்றான். குப்புசாமி அசையவில்லை. செவலையும் அன்று என்னவோ அசையவில்லை.

இரண்டு படங்களையும் களத்தில் ஒரு பலகை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அத்தாயியோடு நான்கு பேரும் குனிந்து பார்த்தார்கள். அப்பாசாமிக்கு இரண்டும் ஒரே கையாகத் தெரிந்தது. கட்டை விரல் விலகியிருந்த விதம், மணிக்கட்டு எலும்பு புடைத்திருந்த இடம் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்தான். ஆனால் ஒன்று இழுபடுகிற கை, இன்னொன்று நிற்கிற கை. இழுபட்டால் எல்லாருடைய எலும்பும் அப்படித்தான் புடைக்குமோ என்னவோ.

பெருமாயி வெகுநேரம் பார்த்தாள். பழைய படத்தின் மேல் விரலை வைத்தாள். "இது வேற கைங்க" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

குப்புசாமி அவளைப் பார்த்தான். பிறகு படத்தைப் பார்த்தான். "ஆமா பெருமாயி. வேற கைதான். எங் கை இல்லை அது." எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "பட்டக்காரருகிட்ட நானே போய்ச் சொல்லிப்போடறேன். உருமாலை உன்ற ஊட்டுக்குக் கொண்டாந்து குடுக்கச் சொல்றேன்."

பெருமாயி பழைய படத்தை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். அவள் நடை அன்று கொஞ்சம் நிமிர்ந்திருந்ததாக அத்தாயி பிற்பாடு சொன்னாள்.

அப்பாசாமி குப்புசாமியைத் தொடர்ந்து பள்ளத்துத் தடம் வரை போனான். "அண்ணா, நெசமாவே வேற கைங்களா?"

குப்புசாமி நின்றான். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. "நீதானே படம் புடிச்சவன். உனக்குத் தெரியலையா?"

"தெரியலீங்கண்ணா."

"அப்ப எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

மனமிரங்கி விட்டுக்கொடுத்தானா, படத்தில் நிஜமாகவே எதையாவது பார்த்தானா, இரண்டும் இல்லாமல் தூக்கம் வந்தால் போதும் என்று முடித்துவிட்டானா? அப்பாசாமி அத்தாயியிடம் கேட்டான். அவளுக்கும் இரண்டு கையும் ஒன்றாகத்தான் தெரிந்ததாம். "பெருமாயிக்கு வேறயாத் தெரிஞ்சா அது வேறதான், வுடுங்க" என்றாள். அவனால் விட முடிந்ததா என்றால், பாதி முடிந்தது.

அடுத்த தையில் மந்தைக்குக் குப்புசாமி வந்தான். வடத்தின் முதல் ஆளாக நின்று பிடித்தான். எருதுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்றின் திமிலையும் அவன் தொடவில்லை. கூப்பிட்டவர்களிடம் முட்டி வலிக்கிறது என்றான். அப்பாசாமி பெட்டியோடு பலாமரத்தடியில் நின்றான். எருதைத் தொடர்ந்தால் ஆட்கள் கலைந்துபோவார்கள். ஆட்களை நிறுத்தினால் எருது கலைந்துபோகும். திருகை இளக்குவதா இறுக்குவதா என்று அவன் குப்புசாமியின் கைகளைப் பார்த்துக்கொண்டே யோசித்துக்கொண்டிருந்தான். பனிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் எருது அவனைத் தாண்டிப் போயிருந்தது.